பழைய தானுந்துகளில் எண்ணெய்க் கசிவும் எண்ணெய் வடிகட்டியும்

தானுந்துப் பொறியின் உள்ளே சுற்றிவரும் மசகு எண்ணெய், மூடிகளின் இணைப்புகள், சுழலும் தண்டுகளின் முனைகள், வடிகட்டி பொருத்தப்பட்ட இடம் ஆகியவற்றின் வழியே வெளியேறுவது எண்ணெய்க் கசிவு எனப்படும். அதே எண்ணெயில் சேரும் உலோகத் துகள், கரி, தூசு ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் உறுப்பு எண்ணெய் வடிகட்டி ஆகும். பட்டறைகளில் இது ஆயில் பில்டர் என்றே வழங்கப்படுகிறது. இவ்விரண்டும் தனித்தனிச் சிக்கல்களாகத் தோன்றினாலும், பழைய வண்டிகளைப் பொறுத்தவரை ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடையவை. பொருந்தாத வடிகட்டி ஒன்றே மிகப் பெரிய கசிவுக்குக் காரணமாகி, சில நிமிடங்களில் பொறியை அழித்துவிடக் கூடும்.

இக்கட்டுரை பெரும்பாலும் பிரித்தானிய மோட்டார் கூட்டுநிறுவனத்தின் (பி.எம்.சி.) ஏ-வரிசை, பி-வரிசைப் பொறிகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஏ-வரிசைப் பொறி 1952 முதல் மோரிஸ் மைனரிலும் பின்னர் மினியிலும் இடம்பெற்றது. 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள பி-வரிசைப் பொறி, மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழிவந்த இந்துஸ்தான் அம்பாசடரில் நெடுங்காலம் பயன்பட்டது. அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. மைனர் வண்டிகள் இலங்கைச் சாலைகளில் அன்றாடப் பயன்பாட்டுக்குரியனவாகப் பல பத்தாண்டுகள் ஓடின. எனவே இவ்விரு பொறிகளும் தமிழ்ப் பேசும் பகுதிகளின் பட்டறைகளுக்கு நன்கு அறிமுகமானவை.

எண்ணெயின் பணி

பொறியின் அடியில் உள்ள தொட்டியில் எண்ணெய் தேங்கியிருக்கும். இத்தொட்டி சம்ப் எனப்படும். மோரிஸ் மைனரில் வடிகட்டியையும் சேர்த்து ஏறத்தாழ 3.7 லிட்டர் எண்ணெய் கொள்ளும். எக்கி இந்த எண்ணெயை உறிஞ்சி, வடிகட்டி வழியாக, வணரித்தண்டின் தாங்கிகளுக்கு அழுத்தத்துடன் அனுப்புகிறது. வணரித்தண்டைப் பட்டறைகளில் கிராங்க் என்றும், தாங்கியைப் பேரிங் என்றும் அழைப்பர். தண்டுக்கும் தாங்கிக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அந்த இடைவெளியில் நிற்கும் எண்ணெய்ப் படலமே தண்டைத் தாங்குகிறது. படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசி, தாங்கி உருகி, தண்டு இறுகிவிடும். இதையே "இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது" என்கிறார்கள்.

ஆகவே கசிவின் ஆபத்து தரையில் விழும் கறையில் இல்லை. தொட்டியில் எஞ்சியிருக்கும் அளவில் உள்ளது. ஒரு துளி எண்ணெய் சுமார் 0.05 மில்லிலிட்டர் எனக் கொண்டால், நொடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகும் பொறி மணிக்கு 180 மில்லிலிட்டர் இழக்கிறது. ஆறு மணி நேரப் பயணத்தில் அது ஒரு லிட்டரைத் தாண்டும். வண்டி நின்ற பிறகு இரவில் நான்கைந்து துளிகள் மட்டும் விழுந்தால், அதற்காகப் பொறியைக் கழற்ற வேண்டிய தேவையில்லை. இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தி அறிவதே பழைய வண்டி வைத்திருப்பவர் முதலில் கற்க வேண்டியது. எண்ணெய் ஒழுகாத பழைய ஆங்கிலேய வண்டியில் எண்ணெயே இல்லை என்று பொருள் என அதன் உரிமையாளர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. வேடிக்கையாக இருப்பினும், அதை நம்பி அளவுகோலைப் பார்க்காமல் விடுவது நல்லதல்ல.

கசிவு ஏற்படக் காரணங்கள்

அசையாத இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே வைக்கப்படும் மெல்லிய தகடு கேஸ்கெட் ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதற்குப் பேக்கிங் என்ற பெயரும் உண்டு. பழைய பொறிகளில் இது பெரும்பாலும் தக்கை அல்லது தடித்த காகிதத்தால் ஆனது. தக்கை வெப்பத்தில் காய்ந்து சுருங்கும். பின்னர் அழுத்தத்துக்கு ஏற்ப மீண்டு வராது. ஒழுகுகிறது என்று திருகாணியை மேலும் இறுக்கினால் தக்கை பிதுங்கி வெடிக்கும். அத்துடன், மெல்லிய தகட்டால் ஆன மூடி, திருகாணித் துளைகளைச் சுற்றிக் குழிந்துவிடும். இவ்வாறு குழிந்த மூடி, புதிய கேஸ்கெட் வைத்தாலும் ஒழுகும். சம்ப்பைக் கழற்றியவுடன் அதன் விளிம்பைச் சமதளத்தில் வைத்து, துளைகளைச் சுற்றி மெல்லத் தட்டி நேராக்குவது இதனால்தான். பத்து நிமிடமே எடுக்கும் இவ்வேலையைத் தவிர்ப்பதால் மறுபடி கழற்ற நேர்வது மிகப் பரவலாகக் காணப்படும் தவறு.

சுழலும் தண்டு பொறியிலிருந்து வெளிவரும் இடத்தில் ஆயில் சீல் அமைந்திருக்கும். மிகப் பழைய பொறிகளில் ஃபெல்ட் வளையமோ, கிராபைட்டு பூசிய கல்நார்க் கயிறோ இப்பணியைச் செய்தன. பின்னர் இரப்பர் இதழ் கொண்ட சீல்கள் வந்தன. நைட்ரைல் இரப்பர் ஏறத்தாழ 100 பாகை செல்சியசுக்கு மேல் நீண்ட காலம் இருந்தால் கெட்டியாகி, இதழின் நெகிழ்வை இழக்கும். ஓட்டாமல் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் இதழ் காய்ந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும்; திடீரென ஓட்டும்போது கிழியும். அதிகம் ஓடிய வண்டியைக் காட்டிலும் நிறுத்தி வைத்த வண்டி கூடுதலாக ஒழுகுவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது காரணம் பலரும் கவனிக்காதது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் எரிந்த வளிமம் கீழே இறங்கி, வணரித்தண்டு அறையில் அழுத்தத்தை உண்டாக்கும். இவ்வளிமம் வெளியேற மூச்சுக்குழாய் ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். அக்குழாய் கரியால் அடைபட்டால், அழுத்தம் நல்ல சீல்களையும் தள்ளிக்கொண்டு எண்ணெயை வெளியேற்றும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் கசிவு தொடங்கினால், கேஸ்கெட்டுகளை மாற்றுவதற்கு முன் மூச்சுக்குழாயைக் கழற்றித் துப்புரவு செய்து பார்ப்பதே முறை. செலவில்லாத இந்தச் சோதனை, வீண் செலவு பலவற்றைத் தடுத்துள்ளது. பொறி ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை சீராகப் பீய்ச்சி அடிப்பது, வளையத் தேய்மானத்தின் அறிகுறி ஆகும். அவ்வாறான பொறிக்கு எந்தச் சீல் மாற்றமும் நெடுநாள் பயன் தராது.

கசிவின் இடத்தைக் கண்டறிதல்

எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகையால் துளி விழும் இடம் கசிவின் இடமாக இருப்பது அரிது. மேலே உள்ள டேப்பெட் மூடியிலிருந்து வழிந்த எண்ணெய், பொறியின் பின்புறமாக இறங்கி, பின் சீல் கசிவது போன்ற தோற்றத்தைத் தரும். முந்நூறு ரூபாயில் தீரக்கூடிய மூடிக் கசிவுக்காகப் பொறியை இறக்கிய கதைகள் இதனால் உண்டாகின்றன.

முதலில் வெளியேறுவது எந்தத் திரவம் என்று அறிய வேண்டும். பொறி எண்ணெய் பழுப்பு அல்லது கறுப்பாக இருக்கும். பல்லிணைப் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் எண்ணெய் தடிப்பாகவும் கந்தக நெடியுடனும் இருக்கும். தானியங்கிப் பல்லிணைப் பெட்டியின் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. குளிர்விப்பு நீர் வழவழப்பின்றி, இனிப்பு மணத்துடன் இருக்கும். பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் தென்பட்டால் அது அச்சு முனைச் சீலின் கசிவு ஆகலாம். அந்த எண்ணெய் தடைக் கட்டைகளில் படிந்தால் தடை பிடிக்காது; வண்டி ஒருபக்கமாக இழுக்கும். சக்கர உருளியிலிருந்து கசிவது தடைத் திரவமாக இருந்தாலும் நிலைமை இதுவே. மற்றக் கசிவுகளைத் தள்ளிப்போடலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து, பொறியின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் அல்லது அழுக்கு நீக்கியால் கழுவி முழுவதுமாக உலர விட வேண்டும். அழுக்கு அப்பியிருக்கும் பொறியில் கசிவைத் தேடுவது வீண். உலர்ந்தபின் ஐயமுள்ள இடங்களில் முகப்பூச்சு மாவு தூவிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால், எண்ணெய் வந்த வழி மாவில் கறையாகத் தெரியும். எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கும் முறையும் உள்ளது. இரவில் வண்டிக்குக் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து, சக்கரங்களின் இடத்தைக் குறித்து வைத்தால், கறையின் இடமும் அளவும் வாரந்தோறும் ஒப்பிடத்தக்க பதிவாகும்.

ஏ-வரிசை, பி-வரிசைப் பொறிகளின் கசிவிடங்கள்

இப்பொறிகளின் டேப்பெட் மூடியைப் பிடித்திருப்பவை இரண்டே திருகாணிகள். அவற்றின் அடியில் இரப்பர்ப் புதையமும் கிண்ண வளையமும் உள்ளன. கசிவது தக்கை கேஸ்கெட் என்று எண்ணி அதை மட்டும் மாற்றுவோர், புதையத்தை மறந்துவிடுவது வழக்கம்.

பொறியின் பக்கவாட்டில், புகைபோக்குக் குழாய்த் தொகுதிக்குக் கீழே மறைந்து, இரண்டு சிறு தகட்டு மூடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் நடுவில் ஒரே ஒரு திருகாணியால் பிடிக்கப்பட்டிருக்கும். இறுக்கினால் நடுப்பகுதி குழிந்து விளிம்பு தூக்கிக்கொள்ளும். இம்மூடிகளை எட்டுவதற்கு மேலே உள்ள குழாய்த் தொகுதியைக் கழற்ற வேண்டியிருப்பதால், பலர் இதைச் செய்யாமல் விடுகின்றனர். ஆனால் இங்கிருந்து கசியும் எண்ணெய் வழிந்து பின்புறம் சேர்வதே, "பின் சீல் போய்விட்டது" என்ற தவறான முடிவுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

உண்மையில் மைனரின் ஏ-வரிசைப் பொறிக்கும் மூன்று தாங்கிகள் கொண்ட பி-வரிசைப் பொறிக்கும் பின்புறத்தில் இதழ் சீல் என்று எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக வணரித்தண்டின் பின்முனையில் எண்ணெய் எறியும் விளிம்பும், திருகு புரி போன்ற வரிப்பள்ளமும் வெட்டப்பட்டுள்ளன. தண்டு சுழலும்போது அப்புரி, வெளியே வர முயலும் எண்ணெயை ஆர்க்கிமிடீசின் திருகைப் போல உள்ளே திருப்பி அனுப்புகிறது. உரசும் பாகம் எதுவும் இல்லாததால் இதற்குத் தேய்மானம் இல்லை என்பது வடிவமைப்பாளரின் கணக்கு. கணக்கில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, தண்டு நின்றுவிட்டால் புரி வேலை செய்யாது. ஓட்டி வந்து நிறுத்தியவுடன், குறிப்பாக முன்புறம் உயர்ந்த சரிவில் நிறுத்தினால், சில துளிகள் வெளியேறுவது இயல்பே. இரண்டாவது, புரிக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையிலான மிகச் சிறிய இடைவெளியை நிலைநிறுத்துபவை முதன்மைத் தாங்கிகள். தாங்கி தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கினால் இடைவெளி ஒருபக்கம் விரிந்து, ஓடும்போதே எண்ணெய் ஒழுகும். எனவே இப்பொறியில் கடும் பின் கசிவு என்பது சீல் பழுதன்று. தாங்கி தேய்ந்துவிட்டதன் முன்னறிவிப்பு. எண்ணெய் அழுத்தமும் கூடவே குறைந்திருந்தால் ஐயமே வேண்டாம்.

வடிவமைப்பாளர்களும் இதை அறிந்தே இருந்தனர். ஃபிளைவீல் உறையின் அடியில் வடிகால் துளை ஒன்று விட்டு, அதில் பிளவு ஊசி ஒன்றைத் தளர்வாகத் தொங்கவிட்டனர். வண்டி குலுங்கும்போது ஊசி ஆடி, துளையை அடைபடாமல் காக்கும். சேற்றால் துளை அடைபட்டால் எண்ணெய் உறைக்குள் தேங்கி, கிளட்ச் தட்டை நனைத்து வழுக்கச் செய்யும். ஒழுகுவது பிடிக்காமல் அத்துளையை அடைத்துவிட்டவர்கள், பிறகு கிளட்ச் மாற்றச் செலவழிக்க நேர்ந்தது.

பிற்காலத்தில் ஐந்து தாங்கிகளுடன் வந்த பி-வரிசைப் பொறியில் பின்புறம் இரப்பர் இதழ் சீல் அமைக்கப்பட்டது. பழைய பொறிகளில் பொருத்தக்கூடிய மாற்றுச் சீல் தொகுதிகளும் விற்கப்படுகின்றன. தேய்ந்த தாங்கியோடு அவற்றைப் பொருத்துவதால் பயனில்லை.

கசிவை நிறுத்தும் முறைகள்

கேஸ்கெட் மாற்றும்போது பழைய பொருளை முழுதும் சுரண்டி, இரு பரப்புகளையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைப்பதே வேலையில் முக்கால் பங்கு. சிலிக்கோன் பசையை அளவுக்கு மீறிப் பூசுவது பரவலான பழக்கம். வெளியே பிதுங்கிய பசை கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அத்துணுக்குகள் அறுந்து சம்ப்பில் விழுந்து, எக்கியின் உறிஞ்சு வலையை அடைத்தால் பொறிக்கு எண்ணெய் கிடைக்காது. கசிவை நிறுத்தப்போய் பொறியையே நிறுத்துவது என்பது இதுதான்.

சுழலும் தண்டில் பழைய சீலின் இதழ் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், புதிய சீலும் ஒழுகும். சீலைச் சற்று முன்னோ பின்னோ தள்ளிப் பொருத்தலாம். அல்லது தண்டின் மேல் மெல்லிய எஃகு உறை மாட்டலாம். கயிற்றுச் சீல்கள் கொண்ட பொறிகளில் பழைய கயிறு கல்நாராக இருக்கக்கூடும் என்பதால், அதை ஈரமாக்கி எடுப்பதும், தூளைக் காற்றில் பறக்க விடாமல் அப்புறப்படுத்துவதும் கட்டாயம்.

கசிவு நிறுத்தி என்று புட்டிகளில் விற்கப்படும் கலவைகள், கெட்டியான இரப்பரைச் சற்று உப்பச் செய்து இதழை மீண்டும் தண்டோடு பொருந்த வைக்கின்றன. சிறு கசிவுகளில் சில மாதங்களுக்கு இவை பயன் தரலாம். கிழிந்த சீலுக்கோ, காய்ந்த தக்கைக்கோ, மேலே விளக்கிய வரிப்பள்ள அமைப்புக்கோ இவற்றால் எதுவும் ஆகாது. அங்கு உப்புவதற்கு இரப்பரே இல்லை. தடிப்பான எண்ணெய்க்கு மாறுவதும் கசிவைக் குறைக்கும். ஆனால் பொறியின் கையேடு குறிப்பிடும் தடிப்பைத் தாண்டிச் சென்றால், குளிர்ந்த பொறியில் எண்ணெய் தாங்கிகளை அடையத் தாமதமாகும்.

வடிகட்டியின் வளர்ச்சி

தொடக்ககாலத் தானுந்துகளில் கம்பி வலை மட்டுமே இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1923ஆம் ஆண்டு எர்னஸ்ட் சுவீட்லாண்ட் என்பவர் தானுந்துக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். தூய எண்ணெய் என்ற பொருள் தரும் சொற்களைச் சுருக்கி அதற்குப் பியூரோலேட்டர் என்று பெயரிடப்பட்டது. 1924இல் வெளிவந்த கிறைசுலர் மகிழுந்து இதைக் கொண்டிருந்தது. அக்கால வடிகட்டிகள் எண்ணெயின் ஒரு சிறு பகுதியை மட்டுமே பிரித்தெடுத்து வடிகட்டித் தொட்டிக்குத் திருப்பின. எக்கியிலிருந்து வரும் எண்ணெய் முழுவதும் வடிகட்டி வழியே சென்று தாங்கிகளை அடையும் முழுப்பாய்வு முறை பின்னரே பரவியது. கிண்ணத்தையும் வடிதாளையும் ஒரே தகரக் குடுவையாக்கித் திருகிப் பொருத்தும் வடிகட்டி 1950களில் வந்தது. ஃவோக்சுவாகன் வண்டு போன்ற வண்டிகள் நெடுங்காலம் கம்பி வலையோடே நின்றுவிட்டன. அதன் 2.5 லிட்டர் எண்ணெயை 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே அங்கு வடிகட்டியின் இடத்தை நிரப்பியது.

அமைப்பு

திருகு வடிகட்டியின் அடித்தட்டில் நடுவே மரையிட்ட துளையும், சுற்றிலும் சிறு துளைகளும் இருக்கும். எண்ணெய் சுற்றுத் துளைகள் வழியே நுழைந்து, மடிப்பு மடிப்பான வடிதாளை வெளியிலிருந்து உள்ளே கடந்து, நடுத் துளை வழியே வெளியேறும். அடித்தட்டின் உட்புறத்தில் திரும்பாத் தடுப்பு இதழ் ஒன்று உண்டு. பொறி நின்றபின் எண்ணெய் தொட்டிக்கு வடிந்துவிடாமல் இது தடுக்கிறது. வாய் மேல்நோக்கி இருக்குமாறு தொங்கும் வடிகட்டிக்கு இவ்விதழ் பெரிதாகத் தேவையில்லை. படுக்கையாகவோ தலைகீழாகவோ பொருத்தப்படும் வடிகட்டிக்கு இது இன்றியமையாதது. காலையில் பொறி கிளம்பியதும் இரண்டு மூன்று நொடிகள் கடகடவென்று ஒலித்து அடங்கினால், இவ்விதழ் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். சிலிக்கோன் இதழ் நைட்ரைல் இதழைவிட வெப்பத்தை நன்கு தாங்கும்.

மற்றொரு பாகம் மாற்றுவழி வால்வு. வடிதாள் அடைபட்டாலோ, குளிர்ந்த எண்ணெய் மிகத் தடிப்பாக இருந்தாலோ, இது திறந்து எண்ணெயை வடிகட்டாமலேயே விடும். அழுக்கு எண்ணெய் தாங்கிக்குத் தீங்கு. எண்ணெயே இல்லாமை அதைவிடப் பெருந்தீங்கு என்ற எளிய தர்க்கமே இதன் அடிப்படை. இவ்வால்வு சில பொறிகளில் பொறியின் உடலிலும், மற்றவற்றில் வடிகட்டியின் உள்ளேயும் அமைந்திருக்கும். பொறியில் வால்வு இல்லாதபோது, வால்வு இல்லாத வடிகட்டியைப் பொருத்தினால் அடைப்பு ஏற்படும் நாளில் தாள் கிழியும், அல்லது எண்ணெய் நிற்கும். வெளித்தோற்றத்தில் இரு வடிகட்டிகளுக்கும் வேறுபாடு தெரியாது.

தேர்ந்தெடுத்தல்

கடையில் பழைய வடிகட்டியைக் காட்டி, அதே உருவத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குவது வழக்கம். இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து மரை அளவில் உள்ளது. பழைய ஆங்கிலேய, அமெரிக்க வண்டிகள் பலவற்றில் மரையின் விட்டம் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 புரிகள். சப்பானிய வழி வண்டிகளில் 20 மிமீ விட்டமும் 1.5 மிமீ புரியிடைவெளியும் பரவலானவை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மிமீ. 16 புரிகள் என்றால் இடைவெளி 1.59 மிமீ. 20 மிமீ வடிகட்டியின் மரைத்துளையில் உட்புற விட்டம் ஏறத்தாழ 18.4 மிமீ. ஆகவே அந்த வடிகட்டியை முக்கால் அங்குலத் தண்டில் திருகினால் அது ஏறும். சற்றுத் தளர்வாக இருப்பினும் இறுகுவது போலவே தோன்றும். உண்மையில் புரிகள் ஒன்றையொன்று பற்றியிருப்பது ஒரு பக்கத்துக்கு 0.3 மிமீ அளவே. இப்போது கணக்கிட்டுப் பார்க்கலாம். வடிகட்டியின் இரப்பர் வளையம் 65 மிமீ விட்டம் கொண்டது என்றும், எண்ணெய் அழுத்தம் 4 பார் என்றும் கொண்டால், குடுவையைத் தள்ளும் விசை சுமார் 1300 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 135 கிலோ எடை. குளிர்ந்த பொறியைக் கிளப்பும்போது இது மேலும் கூடும். புரிகள் நழுவிக் குடுவை தெறித்தால், தொட்டியின் எண்ணெய் முழுவதையும் எக்கியே சாலையில் கொட்டிவிடும். அதில் ஒரு பகுதி சூடான புகைபோக்கில் பட்டால் தீப்பற்றவும் கூடும். கையால் திருகும்போது ஆட்டம் தெரியும் வடிகட்டியைப் பொருத்தவே கூடாது.

மரைக்கு அடுத்து, இரப்பர் வளையத்தின் விட்டமும் தடிப்பும் பொறியின் இருக்கையோடு முழுவதும் பொருந்த வேண்டும். குடுவையின் நீளம் இரண்டாம் நிலைக்குரியது. இடம் இருந்தால், மற்ற அளவுகள் ஒத்த நீளமான வடிகட்டி நன்மையே தரும். தாளின் பரப்பு கூடுவதால் அடைபட நாளாகும்.

வடிகட்டும் நுணுக்கத்தை நுண்மீட்டரில் குறிப்பர். ஆனால் "20 நுண்மீட்டர் வடிகட்டி" என்ற விளம்பரத்துக்கு, எத்தனை விழுக்காடு என்று சேர்க்காதவரை பொருளில்லை. ஐ.எசு.ஓ. 4548-12 என்னும் சோதனை முறையில், குறிப்பிட்ட அளவுள்ள துகள்களில் உள்ளே சென்றவற்றின் எண்ணிக்கையை வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையால் வகுத்து பீட்டா விகிதம் பெறப்படுகிறது. பீட்டா 2 என்றால் பாதித் துகள்கள் பிடிபட்டன. 20 என்றால் 95 விழுக்காடு. 75 என்றால் 98.7 விழுக்காடு. மனிதத் தலைமுடியின் தடிப்பு சுமார் 70 நுண்மீட்டர் என்பதை நினைவிற்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத துகள்களே தாங்கியைத் தேய்க்கின்றன என்பது விளங்கும். மறுபுறம், மிக நுண்ணிய தாள் கொண்ட சிறிய வடிகட்டி விரைவில் அடைபட்டு, மாற்றுவழி வால்வு எப்போதும் திறந்த நிலைக்கு வந்துவிடும். பல ஆண்டுகள் கரி சேர்ந்த பழைய பொறியில் புதிய, நன்கு அழுக்கு நீக்கும் எண்ணெய் ஊற்றும்போது இது நிகழும். அப்போது முதல் வடிகட்டியை ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றுவது நல்லது.

கிண்ண வடிகட்டி

மைனர், அம்பாசடர் ஆகியவற்றின் பழைய பொறிகளில் நீண்ட திருகாணியால் பிடிக்கப்பட்ட உலோகக் கிண்ணமும், அதனுள் மாற்றத்தக்க வடிதாளும் உள்ளன. கிண்ணத்தின் விளிம்பு பொருந்தும் பள்ளத்தில் சதுர வெட்டுடைய இரப்பர் வளையம் இருக்கும். ஒவ்வொரு முறையும் வடிதாளோடு புதிய வளையமும் வரும். பழைய வளையம் பள்ளத்தில் அழுந்தி, உலோகம் போலவே கறுத்துக் கிடப்பதால் அது இருப்பதே தெரியாது. அதன் மேல் புதியதை வைத்து இறுக்கினால் முதலில் ஒழுகாது. அழுத்தம் ஏறியவுடன் வளையம் பிதுங்கி வெளியேறும். கூரிய ஊசியால் பழைய வளையத்தைக் கிளறி எடுத்தபின், விரலால் பள்ளம் முழுவதும் தடவிப் பார்க்க வேண்டும். திருகு வடிகட்டியிலும் இதே தவறு நேரும்: பழைய வளையம் பொறியில் ஒட்டிக்கொண்டு நிற்க, புதியது அதன் மேல் ஏறும்.

கிண்ணத்தின் அடியில் சுருள்வில், வளையத்தகடு, சிறிய இரப்பர் அல்லது ஃபெல்ட் வளையம், அழுத்துத் தட்டு ஆகியவை குறிப்பிட்ட வரிசையில் அமர்ந்துள்ளன. பழைய வடிதாளின் அடியில் ஒட்டிக்கொண்டு இவற்றில் ஒன்று குப்பைக்குப் போய்விடுவது வழக்கம். சிறு வளையம் இல்லையேல் எண்ணெய் தாளைச் சுற்றிக்கொண்டு வடிகட்டப்படாமலேயே செல்லும். வெளியே ஒரு துளியும் ஒழுகாது என்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் அறிய மாட்டார்கள். திருகு வடிகட்டி பொருத்துவதற்கான மாற்றுத்தலைகள் இவ்வகைப் பொறிகளுக்குக் கிடைக்கின்றன. மூல வடிவத்தைக் காக்க விரும்புவோர் கிண்ணத்தை வைத்துக்கொள்கின்றனர். அன்றாடம் ஓட்டுவோருக்கு மாற்றுத்தலையே தொல்லை குறைந்தது.

பொருத்துதல்

திருகு வடிகட்டியின் இரப்பர் வளையத்தில் விரலால் சிறிது எண்ணெய் தடவி, வளையம் இருக்கையைத் தொடும்வரை கையால் திருகி, பின்னர் முக்கால் சுற்று இறுக்கினால் போதும். குறடு, கழற்றுவதற்கு மட்டுமே. வாய் மேல்நோக்கி நிற்கும் வடிகட்டியாயின் முன்னதாகவே எண்ணெய் நிரப்பிப் பொருத்துவது நலம். பொறியைக் கிளப்பியதும் எச்சரிக்கை விளக்கு அணைகிறதா என்று பார்த்து, வடிகட்டியின் அடியில் ஒரு நிமிடம் கவனித்து, நிறுத்தி, அளவுகோலை மீண்டும் பார்க்க வேண்டும். ஓடும் வண்டியில் அவ்விளக்கு எரிந்தால் அடுத்த பட்டறை வரை போகலாம் என்று எண்ணக் கூடாது. விளக்கு எரியும்போது அழுத்தம் ஏற்கனவே மிகத் தாழ்ந்துவிட்டது.

கழற்றிய வடிகட்டியை வெட்டித் தாளை விரித்துப் பார்ப்பது, பொறியைத் திறக்காமலேயே அதன் உடல்நிலையை அறியும் வழி. வாள் கொண்டு அறுத்தால் அதன் தூளே தாளில் விழுந்து குழப்பும். தகரம் வெட்டும் கருவியே ஏற்றது. மங்கிய சாம்பல் நிறச் செதில்கள் தாங்கியின் வெள்ளீயப் பூச்சிலிருந்து வருபவை. செம்பு நிறம் தெரிந்தால் பூச்சு தேய்ந்து அடியடுக்கும் உரசத் தொடங்கிவிட்டது. காந்தத்தில் ஒட்டுபவை எஃகு அல்லது வார்ப்பிரும்பு.

கழிவு எண்ணெய்

பயன்படுத்திய பொறி எண்ணெயில் எரிபொருளின் எச்சங்களும் உலோகங்களும் கலந்துள்ளன. தூய்மிக்கப்படாத அல்லது குறைவாகத் தூய்மிக்கப்பட்ட கனிம எண்ணெய்களை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பயன்படுத்திய எண்ணெய் தோலில் நாள்தோறும் படுவது கேடு என்பதால், கையுறை அணிவது பட்டறைத் தொழிலாளருக்குப் பகட்டன்று. தமிழ்நாட்டில் இவ்வெண்ணெயைக் கட்டட வேலையின் சென்ட்ரிங் பலகைகளிலும், கரையானுக்கு அஞ்சி மரச் சாமான்களிலும் பூசும் வழக்கம் உண்டு. மழையில் அது மண்ணுக்கும் கிணற்றுக்கும் இறங்கும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் இடர்தரு கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் இடர்தரு கழிவு ஆகும். உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும். பழைய வடிகட்டியின் உள்ளேயும் கணிசமான எண்ணெய் தங்கியிருக்கும். அதன் மேற்புறத்தில் துளையிட்டு, பொறியின் சூடு ஆறுவதற்குள் கவிழ்த்து, ஒரு நாள் முழுதும் வடியவிட்ட பிறகே தகரத்தைப் பழைய இரும்புக்குப் போட வேண்டும்.